வந்து சேரும் மணி

எங்கள் பழைய ஆபீஸிலிருந்து இரண்டு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். கம்பெனி ஏதோ மலர் போடுகிறதாம். கொழும்புப் பயணம் அன்றைக்கு எப்படி, இன்றைக்கு எப்படி என்று நான் எழுதித் தர வேண்டுமாம். தூரம் எத்தனை மைல், அப்போது எத்தனை மணி நேரம், இப்போது எத்தனை மணி நேரம், இரண்டு பத்தி போதும், கூடவே ஒரு போட்டோ. இரண்டு பத்தியில் முடிகிற காரியத்துக்கு என்னை எதற்குத் தேடி வர வேண்டும்? சுவரில் மாட்டியிருக்கிற அட்டவணை போதாதா? அப்படித்தான் கேட்டு அனுப்பினேன். அனுப்பிய பிறகு மனசு கேட்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். இது மலரில் போடுகிற மாதிரி இருக்காது. போடாவிட்டால் போகட்டும்.

கேட்ட கணக்கை முதலில் கொடுத்துவிடுகிறேன். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு கடல் வழியாகச் சுமார் நூற்றைம்பது மைல். கப்பலில் ஒரு ராத்திரி. தோணியில் காற்று மனது வைத்தால் இரண்டு நாள், வைக்காவிட்டால் இருபது நாள். தனுஷ்கோடி போய், படகு மாறி, தலைமன்னாரில் ரயில் பிடித்தால் ஒன்றரை நாள். திருச்சியில் ஆகாய விமானம் ஏறினால் ஒரு மணி ஐம்பது நிமிஷம். இந்தக் கடைசிக் கணக்கை நானே படத்தில் நூல் பிடித்து அளந்து, விமானத்தின் வேகத்தால் வகுத்துப் போட்டு வைத்திருந்தேன். அதில் ஒரு தப்பும் கிடையாது. இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல் அதுதான்.

நான் ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரன். கடலையே பதினெட்டு வயதில்தான் பார்த்தேன். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷம் தபால் ஒட்டினேன், மை கரைத்தேன், சாக்கு எண்ணினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சண்டை முடிந்து பயணிகள் கப்பல் ஒழுங்காக ஓட ஆரம்பித்த பிறகுதான் என்னைப் பயணிகள் மேஜையில் உட்கார வைத்தார்கள்.

அந்த மேஜைக்கு ராஜா எங்கள் ஹெட் கிளார்க் மீரா சாகிபு. காயல்பட்டினத்துக்காரர். நாங்கள் சாயபு என்போம். சிவப்புத் துருக்கித் தொப்பி, வெள்ளைக் கோட்டு, காதில் ஒரு பென்சில். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்துவிடுவார். பென்சில் குட்டையாகிற அளவைப் பார்த்து எங்கள் தப்பின் அளவைத் தெரிந்துகொள்வோம்.

ஒரு பயணி வந்தால் சாயபு செய்கிற காரியங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உட்காரச் சொல்வார். "சாப்பிட்டாச்சா?" என்பார். அங்கே இறங்கினதும் கூப்பிட யார் வருகிறார்கள், இங்கே வீட்டில் யாரை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று கேட்பார். பிறகுதான் பெயரே எழுதுவார். அப்புறம் துறைமுக டாக்டரிடம் அனுப்பி அம்மைப் பால் குத்தின தழும்பைக் காட்டிச் சீட்டு வாங்கி வரச் சொல்வார். அப்போதெல்லாம் நம் கரை ஓரத்தில் ஆழம் கிடையாது, கப்பல் நாலைந்து மைல் தள்ளித்தான் நிற்கும். பயணி லாஞ்சுப் படகில் ஏறி, அந்த லாஞ்சு துறைமுகப் பாலத்தை விட்டு நகர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சாயபு கொழும்புக்குத் தந்தி எழுத உட்காருவார். தந்தியில் ஆள் பெயரும் 'புறப்பட்டார்' என்கிற ஒரு சொல்லும்தான் இருக்கும். எந்தக் கப்பல் என்று வேண்டுமானால் போடுவார். எப்போது வந்து சேரும் என்று ஒருநாளும் போட்டதில்லை. சாயங்காலம் போகிற கப்பல் விடிந்ததும் சேரும் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. ஆனாலும் போட மாட்டார்.

"இது என்ன சாயபு, ஒரு வார்த்தை கூடப் போட்டா என்ன?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"தம்பி, கெளம்பியாச்சுன்னு சொல்லுதது நம்ம வேலை. சேந்தாச்சுன்னு சொல்லுதது அங்கன உள்ளவன் வேலை. நடுவுல உள்ளது அல்லாவுக்கும் காத்துக்கும் உள்ள பேச்சு. அதுல நாம வாய வைக்கப்படாது."

அவருடைய மாமா ஒருவர் கதையையும் சொன்னார். கொழும்பிலிருந்து தோணியில் கிளம்பின மனிதர். அங்கே இருந்த கிளார்க்கு கை சும்மா இராமல், வெள்ளிக்கிழமை சேருவார் என்று எழுதிவிட்டான். வெள்ளி போயிற்று, அடுத்த வெள்ளியும் போயிற்று. ஆள் மௌத்தாகிவிட்டார் என்று வீட்டில் முடிவு கட்டி, பாத்திஹா ஓதி, நெய்ச்சோறு ஆக்கிப் பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள். மாமா படியேறி வருகிறார். பத்து நாள் பசி. உட்கார்ந்து தன் பாத்திஹாச் சோற்றைத் தானே தின்றுவிட்டு, "கறியில உப்பு கம்மி" என்றாராம்.

நான் சிரித்தேன். சாயபு சிரிக்கவில்லை. "கெளம்பினாருன்னு மட்டும் எழுதியிருந்தா ஒரு மாசமானாலும் காத்திருப்பாங்க. மணி எழுதினா அந்த மணியோட காத்திருக்கது முடிஞ்சுபோவும். அதான் விஷயம்," என்றார்.

இருபத்து நாலு வயதுக்காரனுக்கு இது தோணிக் காலத்துப் பேச்சாகத்தான் பட்டது. சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் எங்கள் ஆபீஸில் விமான டிக்கெட்டும் பதிய ஆரம்பித்தோம். தூத்துக்குடியில் விமானம் கிடையாது, திருச்சிக்குப் போய்த்தான் ஏற வேண்டும். சாயபு அந்தக் கட்டுப் புத்தகத்தைத் தொடவில்லை, என்னிடம் தள்ளிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. யார் வந்தாலும் ஒரு மணி ஐம்பது நிமிஷம் என்று ஒப்பிப்பேன். லாஞ்சு ஓட்டுகிற சாரங்கு கூட, "ஏலே, வெத்தல போட்டுத் துப்புததுக்குள்ள கொழும்பு வந்துரும்னு சொல்லுதான்ல இவன்! எங்க சோத்துல மண்ணப் போட்டுறாதலே!" என்று கேலி பண்ணுவார்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. சாயபு ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். புன்னைக்காயலிலிருந்து மரியந்தம்மாள் என்று ஓர் அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். வெள்ளைச் சேலை, கழுத்தில் செபமாலை, சின்ன வயதில் அம்மை கண்ட முகம். கையில் ஒரு தந்தி, வியர்வையில் நனைந்து சுருண்டிருந்தது. கோயில் உபதேசியார் படித்துச் சொன்னாராம். என்னையும் ஒருமுறை படிக்கச் சொன்னார்.

அவருடைய ஒரே மகன் சூசை, கொழும்பில் சங்கு சேர்த்து வைக்கிற ஒரு கிட்டங்கியில் மேஸ்திரி. அன்று காலையில் காய்ச்சலில் இறந்துவிட்டான். தந்தி கொடுத்தவர் கிட்டங்கி முதலாளி. நாளை அடக்கம், தாயார் எப்படி வருகிறார் என்று தெரிவிக்கவும், காத்திருப்போம், விமானமானாலும் செலவு நம்முடையது. இவ்வளவுதான் இருந்தது.

படித்து முடித்தேன். அந்த அம்மா அழவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, அவன் போயி ஏழு வருசம். நடுவுல ஒரே ஒரு தவண வந்தான். அங்கனயே ஒரு புள்ளையக் கெட்டிக்கிட்டான். நான் அவளப் பாத்ததில்ல, அது கெடக்கட்டும். எம் பிள்ளை மொகத்த ஒருவாட்டி பாக்கணும். மண்ணு போடுததுக்கு முந்தி பாக்கணும். பாக்க வைப்பீரா?"

"பாப்பீங்கம்மா. நான் பொறுப்பு," என்றேன்.

பெரிய பொறுப்பு! ஆனால் அப்போது அப்படித்தான் வாயில் வந்தது. எனக்கும் அம்மா இருந்தாள்.

கப்பல் திங்கட்கிழமைதான். தனுஷ்கோடி வழியில் போனால் ஞாயிறு ஆகிவிடும். விமானம் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருச்சியில் கிளம்புகிறது. சாயங்கால ரயிலில் ஏறினால் விடியும்போது திருச்சி. ஒன்பதோடு ஒரு மணி ஐம்பது நிமிஷத்தைக் கூட்டினேன், பத்து ஐம்பது. பறந்தேன். விமானக் கம்பெனிக்குத் தந்தி, இடம் உண்டு என்று பதில். டாக்டரைச் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுப்பிச் சீட்டு வாங்கினேன். அவர் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மையே வந்து பாத்துட்டுப் போன முகத்துக்குத் தழும்பு வேறயா தேடணும்?" என்று விளையாட்டாக ஆரம்பித்தவர், காரணம் தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பிறகு கொழும்புக்குத் தந்தி எழுதினேன். 'தாயார் நாளை காலை பதினோரு மணிக்கு விமானத்தில் வந்து சேருகிறார். அழைக்க யாரும் வர வேண்டாம். கம்பெனி வண்டி வீட்டில் விடும்.' வண்டிக்கும் நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன். சாவு வீட்டில் ஆளுக்கு அலைய வேண்டாமே, மணி தெரிந்தால் அடக்கத்தை அதற்குத் தகுந்தபடி வைத்துக்கொள்வார்களே என்று யோசித்து யோசித்து எழுதினேன். எழுதினதைத் தமிழில் அந்த அம்மாவுக்குப் படித்தும் காட்டினேன். "பதினோரு மணி" என்று சொல்லும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டார்.

இரண்டு மணிக்குச் சாயபு வந்தார். நடந்ததைக் கேட்டார். அந்த அம்மாவுக்குக் கஞ்சி வாங்கி வரச் சொன்னார். பிறகு தந்தி நகலை எடுத்துப் படித்தார். காதிலிருந்த பென்சில் இறங்கியது.

"மணி போட்டிருக்கியே தம்பி."

"இது விமானம் சாயபு. தோணி இல்ல."

"அதுவும் காத்துலதானல போவுது?" என்றார். பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். "இன்னொரு தந்தி கொடுத்திருவோம். 'புறப்படுகிறார், வரும்வரை காத்திருக்கவும்'னு."

நான் சண்டைக்கு நின்றேன். ஒரே நாளில் இரண்டு தந்தி போனால் அங்கே குழம்பிவிடுவார்கள், வருகிறாரா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிடும், அழுகிற வீட்டில் அது வேறு எதற்கு என்றேன். விமானத்துக்கு மணி உண்டு, அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று புத்தகத்தை விரித்துக் காட்டினேன். சாயபு புத்தகத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "சரி, உனக்குத்தான் தெரியும்," என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். அவரோடு வாதாடி நான் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான்.

தனியாக அனுப்ப மனமில்லாமல் திருச்சி வரை நானே கூடப் போனேன். சாயபுவும் சரி என்றார். ரயிலில் அந்த அம்மா படுக்கவேயில்லை. மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மருமகள் ஏழு மாசம் முழுகாமல் இருக்கிறாள் என்று மட்டும் ஒருமுறை சொன்னார். காலையில் விமானத்தைக் கண்டதும் கால் கூசி நின்றுவிட்டார்.

"தம்பி, இதுல ஏறுனா மண்ணுக்கு முந்திப் போயிருவேனா?"

"போயிருவீங்கம்மா. பதினோரு மணிக்கு வீட்டுப் பக்கம் இருப்பீங்க."

என் தலையில் கை வைத்துச் சிலுவை போட்டுவிட்டு ஏறினார். விமானம் ஒன்பது அடித்து இரண்டு நிமிஷத்தில் தரையை விட்டுக் கிளம்பியது. நான் கடிகாரத்தைப் பார்த்து மார் தட்டிக்கொண்டேன். ஸ்டேஷனுக்கு வந்து நாலு தோசை தின்றேன், ரயிலில் நன்றாகத் தூங்கினேன். இதை எழுதவே கூசுகிறது.

நான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கொழும்புக்கு மேலே வானம் கறுத்துப்போய், இறங்க வழியில்லாமல், விமானம் திரும்பி யாழ்ப்பாணத்துப் பக்கம் காங்கேசன்துறையில் இறங்கியிருக்கிறது. மழை விடுகிற வரை பயணிகளை ஒரு தகரக் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். அந்த அம்மாவும் செபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆயிற்று, அரை நாள் அங்கேயே போயிற்று. விமானம் கொழும்பில் இறங்கி, கம்பெனி வண்டி அவரைக் கொட்டாஞ்சேனையில் மகன் வீட்டு வாசலில் விடும்போது மாலை ஐந்து மணி. அடக்கம் மூன்று மணிக்கே முடிந்துவிட்டது. அழுது கலைந்த வீட்டில் மருமகள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

இவ்வளவும் எங்களுக்குத் தெரிந்தது கிட்டங்கி முதலாளி எழுதின கடிதத்தில். சாயபுதான் பிரித்துப் படித்தார். பதினோரு மணி தாண்டி மூன்று மணி நேரம் காத்திருந்தோம், தங்கள் தந்தியில் மணியும் வண்டியும் உறுதியாக இருந்தபடியால் விமான நிலையத்துக்கு ஆள் அனுப்பவில்லை, தாயார் ஏறவில்லை போலும் என்று நினைத்துவிட்டோம், சாமியாரும் இனி வைத்திருக்க முடியாது என்றார், சூசையின் மனைவி மட்டும் பெட்டியை மூட விடாமல் மேலே விழுந்து கிடந்தாள், தூக்கித்தான் விலக்க வேண்டியிருந்தது. கடிதத்தில் எங்கள் மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை.

சாயபு கடிதத்தை மடித்தார். "ரெண்டாவது தந்திய நான் கொடுத்திருக்கணும். பெரியவன் நான்தான். நான்தான் விட்டுட்டேன்," என்றார். பென்சிலைத் தொடவில்லை. அந்தப் பென்சிலாலேயே என் கண்ணில் குத்தியிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

இரண்டு வாரம் கழித்துக் கப்பலில் மரியந்தம்மாள் திரும்பி வந்தார். லாஞ்சை விட்டு இறங்கி நேரே ஆபீஸுக்குத்தான் வந்தார். எதற்கு? எனக்கு நன்றி சொல்ல.

"பெத்த பிள்ளை கணக்கா ஏத்திவிட்டீரு. உம்ம பேருல ஒரு கொறையும் இல்ல ஐயா. வானம் ஏமாத்திட்டு. ஆனா அவ இருக்காளே, என் மருமவ, மாதாவே அவளக் கேக்கணும். ரெண்டு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா? நான் வந்துக்கிட்டு இருக்கேன்னு தெரியும்லா? எம் பிள்ளை மொகத்த எனக்குக் காட்டாம மூடிட்டா. தந்தி, தந்தின்னு என்னமோ சொல்லி அழுதா. நான் காது குடுக்கல. அவ வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்திட்டு வந்துட்டேன். நீ வெளங்க மாட்ட, உன் வயித்துல உள்ளதும் வெளங்காதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சாயபு தலையைக் குனிந்துகொண்டார். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. என் வேலைக்கு ஒரு பங்கமும் இல்லை. அந்த அம்மா எனக்கு நன்றி சொல்லிவிட்டே புன்னைக்காயலுக்குப் போயிருப்பார். எழுந்து போய் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லாம் சொன்னேன். பதினோரு மணி என்று எழுதினது நான், யாரும் வர வேண்டாம் என்று எழுதினது நான், மாற்றி எழுதச் சொன்னவரைத் தடுத்தது நான். முதலாளி கடிதத்தையும் எடுத்துப் படித்தேன். பெட்டியை மூட விடாமல் விழுந்து கிடந்தாள் என்கிற இடத்தை அவர் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்.

அப்புறம் என்ன ஆயிற்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றே அந்தப் பெண்ணுக்குக் கடிதம் எழுதினோம், அந்த அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பதில் வரவில்லை. மூன்று கடிதம் போட்டும் வரவில்லை. அவள் வேறு இடம் போய்விட்டாள் என்று முதலாளி தெரிவித்தார். பெண் குழந்தை என்று மட்டும் கப்பல்காரர் ஒருவர் வழியாகக் காதில் விழுந்தது. அப்புறம் பாஸ்போர்ட்டு, விசா என்று சட்டம் வந்து, நினைத்தபடி போய்வர முடியாத தூரத்துக்குக் கொழும்பு போய்விட்டது. மரியந்தம்மாள் பேத்தியைப் பார்க்காமலே கண்ணை மூடினார்.

ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது அந்தப் பெஞ்சு. நான் படித்து முடித்தபோது அந்த அம்மா வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவ காத்துத்தான் இருந்தாளா?"

"காத்திருந்தாங்கம்மா."

"வயித்துப் பிள்ளைக்காரி. அவளப் போயி..." என்று நிறுத்தினார்.

என்னால் தாங்க முடியவில்லை. "என்னை ஏசுங்கம்மா. அவங்களை ஏசினது அத்தனையும் என்னைச் சேர வேண்டியது. ஏசிட்டுப் போங்க," என்றேன்.

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்லத் தேடுகிற மாதிரி வாய் இரண்டு முறை திறந்து மூடியது.

"இல்லையே ஐயா. உள்ள கெடந்தது எல்லாத்தையும் அவ வாசல்லயே கொட்டிட்டுல்லா வந்திருக்கேன். உமக்குன்னு ஒண்ணும் மிச்சமில்லையே."